பத்மாவின் லேப்டாப்பிலிருந்து எதுவும் வரவில்லை

மாட்டுங்கா
13 அக்டோபர் 2025

வெங்கிக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. அந்த நினைப்பில் திறந்திருந்தால் இப்போதே மூடிவிடலாம்.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் "சரி, சரி" என்பீர்கள், எனக்கு இன்னும் கோபம் வரும். வாட்ஸ்அப்பில் நீங்கள் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பதைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. அதனால் ஈமெயில். பதிலையும் ஈமெயிலிலேயே, தமிழிலேயே எழுதவும். இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தால் கட்டின மனைவிக்கே ஆபீஸ் சர்க்குலர் அனுப்புகிற ஆள் நீங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் லேப்டாப் ஒரு வாரமாக நடுநடுவே அப்படியே உறைந்து நிற்கிறது. உள்ளேயிருந்து கர்ரென்று ஒரு சத்தம். கிங்ஸ் சர்க்கிளில் இருக்கும் சர்வீஸ்காரனிடம் கொண்டு போனேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "மேடம், டிஸ்க் ஜானேவாலா ஹை. பஹ்லே பேக்கப் லே லோ" என்றான். டிஸ்க் போகப் போகிறதாம், பேக்கப் எடுக்காமல் தொடவே மாட்டானாம்.

ஹாலில் நீங்கள் விட்டுவிட்டுப் போன கறுப்புப் பெட்டி இருக்கிறதே, ராத்திரியானால் என் லேப்டாப்பில் உள்ளதையெல்லாம் வைஃபை வழியாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் என்று பெருமையடித்தீர்களே, அது எதையும் எடுத்து வைக்கவில்லை. லேப்டாப் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் முக்கோணம் இருந்தது. எத்தனை நாளாக இருக்கிறதோ, அதுவும் அங்கே குடித்தனம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இன்று அதை அழுத்தினால் "பேக்கப் தோல்வி" என்கிறது.

உள்ளே இருப்பது ஹிந்தி சீரியலின் தமிழ் டப்பிங் வசனம். முப்பது எபிசோட். மாதக் கடைசியில் அந்தேரி ஸ்டூடியோவில் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சீரியல் வேறு ஆளுக்குப் போய்விடும். இப்போது இந்த வீடு அந்த வசனத்தில்தான் ஓடுகிறது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதவும். நேரில் வர வேண்டாம்.

பத்மஜா


குர்லா
14 அக்டோபர்

பத்மா,

நலமா என்று கேட்டால் அதற்கும் திட்டுவாய். கேட்கவில்லை.

நான் வந்தால் இது பத்து நிமிஷ வேலை. கடிதத்தில் விளக்குவது, போனில் தோசை வார்த்துக் காட்டுகிற மாதிரி. வர வேண்டாம் என்கிறாய். சரி, வரவில்லை.

ரொம்ப சிம்பிள். பெட்டியின் முன்பக்கம் மூன்று விளக்குகள் இருக்கும், பச்சையா ஆரஞ்சா என்று பார். பிறகு டிவி ஸ்டாண்டுக்கு அடியில் தலையை விட்டால், பெட்டியின் பின்னாலிருந்து ஒரு நீல ஒயர் ரவுட்டருக்குப் போகும். அதன் இரண்டு முனையையும் க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்து. லேப்டாப்பை ஒரு தடவை அணைத்துப் போடு. வைஃபை பாஸ்வேர்டை நீ மாற்றியிருந்தால் அதையும் சொல். இதெல்லாம் சிம்பிள்தான், பயப்படாதே. இடம் நிரம்பியிருக்க வழியே இல்லை, உன் சீரியல் இன்னும் பத்து வருஷம் அழுதாலும் அந்தப் பெட்டி தாங்கும்.

ஒரு முக்கியமான கேள்வி. சமீபத்தில் பெட்டியை யாராவது அணைத்தார்களா? யோசித்துப் பதில் சொல்.

மற்றபடி, "கடையிலேயே போய்க் குடியிருங்கோ" என்று சொன்னவள் நீ. குடியிருக்கிறேன். கடைக்கு மேலே இருக்கும் பரணில் நிமிர்ந்து நிற்க முடியாது, உட்கார்ந்துகொண்டே சட்டை போடுகிறேன். இதைப் புகாராகச் சொல்லவில்லை.

வெங்கி


மாட்டுங்கா
15 அக்டோபர்

வெங்கிக்கு,

மூன்று விளக்கும் பச்சை. நீல ஒயர் இருக்கிறது. க்ளிக் என்று சத்தம் வந்தது, ஒயரிலிருந்து ஒன்று, என் இடுப்பிலிருந்து ஒன்று. பாஸ்வேர்டை மாற்றவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், திரும்பி வருவதற்குள் ரசம் வைத்து இறக்கிவிட்டேன். மஞ்சள் முக்கோணம் அப்படியே இருக்கிறது. இனிமேல் 'சிம்பிள்' என்ற வார்த்தையை எனக்கு எழுத வேண்டாம்.

பெட்டியை யாரும் அணைக்கவில்லை.

கடையிலேயே குடியிருக்கச் சொன்னேன் என்று எழுதத் தெரிகிறது. அதற்கு முன்னால் நடந்ததையும் எழுதியிருக்கலாமே. இருபது வருஷம் பார்த்த பேங்க் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு மாதம் தினம் காலையில் நான் கட்டின சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு, பாலிஷ் போட்ட ஷூவோடு "வரேன் பத்மா" என்று கிளம்பிக் குர்லாவில் போட்ட கம்ப்யூட்டர் கடைக்குப் போனீர்கள். எனக்கு அது யார் மூலம் தெரிந்தது? மேல் மாடி சுப்புலக்ஷ்மி மாமி மூலம். பூ மார்க்கெட்டில், அத்தனை பேர் நடுவில். "என்னடி பத்மா, வெங்கி குர்லால கடை போட்டிருக்கானாமே? வாயத் திறக்கலையே நீ!" என்றாள். நான் சிரித்தேன். "சின்னதாத்தான் மாமி, இப்பத்தான்" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வேலையை விட்டதற்கு நான் சண்டை போடவில்லை. இதை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்பதுதான் என் எரிச்சல்.

இன்றைய எபிசோடில் நாயகன் "மாஃப் கரோ" என்கிறான். டப்பிங்கில் வாய் மூடும் இடமெல்லாம் பொருந்த வேண்டும். "மன்னிச்சிடு" என்று எழுதினால் முதல் எழுத்திலேயே உதடு பொருந்திவிடுகிறது. சீரியல் ஹீரோ எபிசோடுக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறான். சொல்ல அப்படி ஒன்றும் கஷ்டமான வார்த்தை இல்லை போலிருக்கிறது.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?

பத்மஜா


குர்லா
16 அக்டோபர்

பத்மா,

யாரும் அணைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பெட்டி வேறு மாதிரி சொல்கிறது.

அதை வாங்கி வைத்தபோதே, தினம் காலையில் எனக்கு ஒரு மெயில் அனுப்பும்படி செய்திருந்தேன். பேக்கப் சரியாக முடிந்தால் 'பத்மாவின் லேப்டாப் வந்து சேர்ந்தது' என்று வரும். முடியாவிட்டால் 'பத்மாவின் லேப்டாப்பிலிருந்து எதுவும் வரவில்லை'. நான் கிளம்பி வந்த பிறகும் தினம் வந்துகொண்டுதான் இருந்தது. காலையில் டீக்கு முன்னால் அதைப் பார்ப்பேன்.

அக்டோபர் முதல் தேதி காலையில் பெட்டி அணைந்திருக்கிறது. மறுநாள்தான் உயிர் வந்திருக்கிறது, வந்ததும் அதையும் மெயிலில் சொல்லிவிட்டது. கரண்ட் போனது என்று சொல்ல முடியாது, அதற்கு யூபிஎஸ் இருக்கிறது. யாரோ கையால் ஒயரைப் பிடுங்கினால்தான் அப்படி ஆகும். அன்றிலிருந்து தினமும் 'எதுவும் வரவில்லை'தான்.

கோபத்தில் பிடுங்கியிருந்தால் பிடுங்கினேன் என்று சொல்லேன், எதற்கு மறைக்கிறாய்? அந்த வீட்டில் என்னுடையது என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிப் போட்டுவிட்டாய், சொல்ல வேண்டியதை அப்படிச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

வெங்கி


மாட்டுங்கா
அதே நாள்

அப்படியானால் உங்களுக்கு முதல் நாளே தெரியும்.

என் வேலை பத்திரமாக இல்லை என்று உங்களுக்குத் தினம் காலையில் மெயில் வந்திருக்கிறது. டீ குடித்துக்கொண்டே படித்திருக்கிறீர்கள். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நானாக எழுதிக் கேட்ட பிறகும், விளக்கு பச்சையா ஆரஞ்சா என்று கேட்டு டிவி ஸ்டாண்டுக்கு அடியில் தவழ விட்டிருக்கிறீர்கள்.

மறுபடியும் அதே டப்பா வேலை. தெரியும், ஆனால் சொல்ல மாட்டீர்கள். வீடு பற்றி எரிந்தாலும், நான் கேட்டால் ஒழிய "பத்மா, புகை வருது" என்று சொல்ல மாட்டீர்கள். உங்களோடு எழுதிக்கூட முடியவில்லை என்றால் நான் என்னதான் செய்வது?

பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் படிக்க மாட்டேன்.


குர்லா
17 அக்டோபர்

பத்மா,

படிக்க மாட்டேன் என்றாய். முதல் பாராவையாவது படி. பெட்டியை விட்டுத் தள்ளு. ஒரு பென் டிரைவ் வாங்கி, வசனம் இருக்கும் ஃபோல்டரை மட்டும் அதில் இன்றைக்கே காப்பி செய். டிஸ்க் அந்தச் சத்தம் போட்டால் அதிக நாள் தாங்காது. இதை நான் முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மற்றது நீ சொன்னதுதான். நான் எதையாவது உன்னிடம் சொல்ல நினைத்தால், நீ என்ன பதில் சொல்வாய் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். என் கற்பனையில் நீ எப்போதும் கத்துகிறாய். அதோடு வாயை மூடிக்கொள்கிறேன். வேலையை விடுவது பற்றியும் அப்படித்தான் தினம் வாசல்வரை வந்து, ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். காசிமிடம் சொன்னேன், என் கூடவே பேங்கை விட்டு வந்து கடை போட்டவன், அவனுக்கே கோபம் வந்துவிட்டது. "மச்சான், அவ்வொ உண்மையிலயே கத்துனாவன்னா ஒரு நாளுதான் கத்துவாவொ. நீரு மனசுக்குள்ள தெனமும்லா கத்த வுடுதீரு?" என்றான். தாராவியில் பிறந்து வளர்ந்தாலும் கோபம் வந்தால் அவனுக்குத் திருநெல்வேலிதான் வரும்.

தயவுசெய்து காப்பி எடு.

வெங்கி


மாட்டுங்கா
21 அக்டோபர்

வெங்கிக்கு,

உங்கள் கடிதத்தை நான் திறக்கவில்லை. தீபாவளி முடியட்டும் என்று வைத்திருந்தேன். நேற்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நல்ல நாளில் ஒரு எபிசோடாவது முடிக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வந்தது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

அதற்கப்புறம்தான் போனில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் சரியான யோசனையை நேரத்தில் சொன்னது கல்யாணமானதிலிருந்து இது ஒரு தடவைதான். அதை நான் படிக்கவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஒரு தட்டு மிக்சரைத் தின்று தீர்த்தேன்.

இந்த மாதம் எழுதிய பன்னிரண்டு எபிசோடும் போயிற்று. சர்வீஸ்காரன் கையை விரித்துவிட்டான்.

பெட்டியை யாரும் அணைக்கவில்லை என்று நான் எழுதியது பொய். முதல் தேதி சரஸ்வதி பூஜை. ஒவ்வொரு வருஷமும் பலகையில் ஒரு பக்கம் என் பேனா, அகராதி, லேப்டாப். இன்னொரு பக்கம் உங்கள் ஸ்க்ரூடிரைவர் செட், டெஸ்டர், அந்த ஒயர் நசுக்குகிற குறடு. போகும்போது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டீர்கள். பலகையில் உங்கள் பக்கம் காலியாக இருந்தது. ஸ்வாமிக்கு முன்னால் பாதிப் பலகையை அப்படி விட எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் கொலுவுக்கு வருகிறவர்கள் வேறு பார்ப்பார்கள். வீடு பூராத் தேடினேன். உங்கள் ஆயுதம் என்று இருந்தது அந்தப் பெட்டிதான். ஒயரைக் கழற்றி, தூசி தட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, ஒரு முழம் சாமந்தி சுற்றி உங்கள் இடத்தில் வைத்தேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுத்து உபயோகிக்கக் கூடாதே. விஜயதசமி அன்று புனர்பூஜை முடிந்த பிறகு எடுத்து, எந்த ஓட்டையில் எந்த ஒயர் இருந்ததோ அதிலேயே மாட்டினேன்.

நீங்கள் "பிடுங்கினாயா" என்று கேட்டீர்கள். இதைச் சொல்ல வேண்டி வருமே என்றுதான் சொல்லவில்லை. எனக்கும் மானம் இருக்கிறது.

பெட்டிக்குள் செப்டம்பர் வரைக்கும் உள்ள எபிசோடாவது இருக்கிறதா? அதை எடுக்க வழி எழுதுங்கள்.

பத்மா


குர்லா
22 அக்டோபர்

பத்மா,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். ஒரு கஸ்டமர் சார்ஜர் கேட்டார், அவருக்கு மவுஸை எடுத்துக் கொடுத்தேன். நான் என்னவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன், நீ என்ன செய்திருக்கிறாய். மன்னித்துவிடு. உதடு பொருந்துவதற்காக எழுதவில்லை.

செப்டம்பர் கடைசி வரைக்கும் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சந்தனத்தால் ஒன்றும் ஆகவில்லை.

என்ன நடந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. ரவுட்டர் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நம்பர் கொடுக்கும், டாக்டர் வீட்டு டோக்கன் மாதிரி. பெட்டி வந்த நாளிலிருந்து அணைந்ததே இல்லை, அதனால் ஒரே நம்பர்தான். உன் லேப்டாப் ராத்திரி அந்த நம்பரைத் தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வரும். அன்று பெட்டி பூஜையில் இருந்தபோது, அந்த நம்பரை ரவுட்டர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. கொலுவுக்கு வந்த யாராவது வைஃபை கேட்டார்களா? மறுநாள் பெட்டி வேறு நம்பரோடு எழுந்திருக்கிறது. லேப்டாப் பாவம், தினம் பழைய விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறது. நம்பர் மாறாதபடி நான் ஆரம்பத்திலேயே கட்டி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. விளக்கு, ஒயர் எல்லாம் சரியாக இருந்ததும் அதனால்தான்.

காசிம் நாளைக்கு என் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுப்பான். பெட்டியின் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி அவனிடம் கொடுக்கிறேன். அந்த லேப்டாப் பெட்டியை நம்பரால் தேடாமல் பெயரால் தேடும்படி மாற்றியிருக்கிறேன். 'ரிஸ்டோர்' என்று இருக்கும் இடத்தில் செப்டம்பர் முப்பதைத் தேர்ந்தெடு. நான் வரவில்லை. நீ கூப்பிடவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது.

வெங்கி


மாட்டுங்கா
1 நவம்பர்

வெங்கிக்கு,

நேற்று ஸ்டூடியோவில் முப்பது எபிசோடையும் கொடுத்துவிட்டேன். கையெல்லாம் வலி. பன்னிரண்டையும் மறுபடி எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் உங்களை ஒரு தடவை திட்டினேன், திறக்காத கடிதத்துக்காக என்னை ஒரு தடவை. அடுத்த சீரியலும் எனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வைஃபை கேட்டது சுப்புலக்ஷ்மி மாமிதான். சிங்கப்பூரில் இருக்கும் பெண்ணுக்கு வீடியோவில் கொலு காட்ட. "பாரேன், பத்மா எல்லாத்தையும் எவ்வளவு லட்சணமா வெச்சிருக்கா!" என்று உங்கள் பெட்டியைத்தான் காட்டினாள்.

என் லேப்டாப்புக்கு சர்வீஸ்காரன் புது டிஸ்க் போட்டுவிட்டான், மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. உங்களுக்கும் நல்லபடியாக மெயில் வந்திருக்கும். ஆகவே இனிமேல் நாம் எழுதிக்கொள்ளக் காரணம் ஒன்றும் இல்லை. உங்கள் லேப்டாப்பை வாட்ச்மேனிடம் கொடுத்து வைக்கிறேன், காசிமை அனுப்புங்கள்.

பத்மஜா


குர்லா
4 நவம்பர்

பத்மா,

காசிம் டிசம்பரோடு கடையை விட்டு விலகுகிறான். வேறொரு பேங்கில் வேலை கிடைத்துவிட்டது. மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், அவனை நான் குறை சொல்ல முடியாது. செம்பூரில் எங்களுக்கு நிரந்தரமாக வேலை கொடுத்துக்கொண்டிருந்த டியூஷன் கிளாஸும் போன வாரம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. தனியாக இந்தக் கடையை என்னால் ஓட்ட முடியுமா என்று தெரியவில்லை. முடியாது என்றுதான் தோன்றுகிறது.

அவன் இப்போதுதான் சொன்னான். சொல்லிவிட்டு ஷட்டர் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருக்கிறான், நான் இங்கே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கும் தெரியாது. நீ என்ன பதில் சொல்வாய் என்று யோசித்துப் பார்க்கவில்லை, யோசித்தால் அனுப்ப மாட்டேன். உன்னிடம் எதையும் கேட்கவும் இல்லை. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பயமாக இருக்கிறது.

வெங்கி


மாட்டுங்கா
அதே நாள்

வெங்கி,

படித்துவிட்டுக் கத்தலாம் என்று பார்த்தேன், வரவில்லை. உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். கடைக்காக இல்லை.

இதையெல்லாம் ஈமெயிலில் எழுதி முடிவு பண்ண முடியாது. கடையை வைத்துக்கொள்வதா மூடுவதா, மூடினால் என்ன, எல்லாவற்றையும் நேரில் பேச வேண்டும். காசிமிடம் கடையை விட்டுவிட்டு இன்றைக்கே வாருங்கள். வெறும் மோர்க்குழம்புதான்.

வந்ததும் நேரே அந்தப் பெட்டியிடம் போய்க் குனியாதீர்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் இல்லை.

பத்மா